பதினோரு ஞாயிறும் ஆறுதல் இரைச்சலும்

அன்பு மகளுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே உன் அம்மா நலம், சமையலறைக் குழாய் நலம், மாடிப்படியில் எரியாமல் இருந்த விளக்கும் இப்போது நலம். நான் நலமா என்பதைக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன், அதுவரை எனக்கே உறுதியில்லை. அங்கே நீ பல்வலி நீங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், கோபமாக இருக்கும்போதும் இதை விரும்பத்தான் செய்கிறேன், அது வேறு இது வேறு. போனில் சொல்ல வேண்டியதை அப்பா ஏன் உட்கார்ந்து எழுதுகிறார் என்று நினைப்பாய். கடிதம் என்றால் வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் முழுசாக வராது. நீ புத்தக அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போன அந்த வெள்ளை இணையத் தொலைபேசிப் பெட்டியைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை, ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுநடுவே வந்து நிற்கும். உன் கல்யாணச் செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியுமா? நீ அதை உன் அம்மாவிடம் ஒரு புதன்கிழமை சொன்னாய். அவள் அன்றைக்கே தன் தம்பியிடம் சொன்னாள், சொல்லிவிட்டு, ‘அவர்கிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன், நீ வாயத் திறக்காதே’ என்றாளாம். பக்குவமான நேரம் பார்த்துக்கொண்டே மூன்று நாள் ஓடிவிட்டது. சனிக்கிழமை நான் சலூனில் கழுத்தில் துண்டும் முகம் முழுக்க சோப்பு நுரையுமாக அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறேன், கத்தி என் தொண்டைக்குழியில் இருக்கிறது, அப்போது பார்த்து உன் மாமா உள்ளே வந்து, ‘என்ன மச்சான், சொல்லவே இல்லையே! மாப்பிள்ளையும் போன் கம்பெனிதானாமே, ரிஜிஸ்டர் கல்யாணமாமே, ஜமாய்ங்க!’ என்று தோளில் தட்டினான். தொண்டையில் கத்தி இருக்கும்போது ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? சலூன்காரர்தான் என் சார்பில், ‘ரொம்ப சந்தோஷம் சார்’ என்றார். உன் அம்மா, மாமா, மாமி, அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு ஐந்தாவது இடம், அந்த ஐந்தாவது இடத்தையும் சலூன்காரரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

கத்துவது என் வழக்கமில்லை. அன்றைக்கு வீடு திரும்பும் வழியிலேயே ஒரு தீர்மானம் எடுத்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் அழைப்பு வரும், உன் அம்மா அரைமணி பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் தருவாள், நான் வாங்கிக் காதில் வைத்துக்கொள்வேன், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ‘ஏன்பா பேசமாட்டேங்கறீங்க, என் மேல கோபமா?’ என்று நீயாகக் கேட்கிற வரைக்கும் பேசமாட்டேன். இதுதான் தீர்மானம். முதல் ஞாயிறு நீ வழக்கம்போல, ‘அப்பா, நல்லா இருக்கீங்கல்ல?’ என்று கேட்டாய், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உன் அலுவலகக் கதையை ஆரம்பித்துவிட்டாய். இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை என்பதால் அப்படிச் செய்திருக்கலாம், அதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எட்டு நிமிடம் பேசி, ‘சரிப்பா, உடம்பப் பாத்துக்கோங்க’ என்று சந்தோஷமாக வைத்தாயே, அதை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது ஞாயிறு பன்னிரண்டு நிமிடம். மூன்றாவது ஞாயிறு இருபது. நான் மௌனத்தைக் கூட்டக் கூட்ட உன் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த உன் அம்மா ஒவ்வொரு துண்டாக என் பக்கம் உதறுவாள்.

இது எளிது என்று நினைக்காதே. ஏழாவது ஞாயிறு உன் வீட்டுத் துணிதுவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகுவதைச் சொன்னாய். குழாயைச் சுற்றி டேப் ஒட்டினாயாம், அது நனைந்து கழன்றுவிட்டதாம், அதன் மேல் இன்னொரு டேப் ஒட்டினாயாம். மகளே, அது டேப் விஷயம் இல்லை, குழாயின் வாயில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது, குறடால் ஒரு திருகு திருகிக் கழற்றினால் தெரியும், ஐந்து நிமிட வேலை. இது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூன்றாவது டேப்பைப் பற்றி நீ சொல்லும்போது நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கோபத்தை அடக்கிவிடலாம், யாராவது தப்பாக ஒரு குழாயைச் சரிசெய்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது. அன்றைக்கு என்னையும் மீறி ஒரு ‘ம்’ வெளியே வந்துவிட்டது. அது உனக்கு வந்து சேர்ந்ததா? எழுது.

ஒன்பதாவது ஞாயிறு நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்த மனிதரிடம் போனைக் கொடுத்தாய். ‘வணக்கம் அங்கிள், சாப்பிட்டீங்களா?’ என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ‘லைன் ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்’ என்றார். என்ன மனிதர் இவர், எதிரில் இருப்பவன் வாயே திறக்கவில்லை, லைன் நன்றாக இருக்கிறதாம் என்று எனக்கு எரிச்சல் மூண்டது. அவர் அதை ஏன் சொன்னார் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன்.

அலுவலகச் செய்தி என்னவென்றால், எங்கள் தொலைபேசி நிலையத்தில் செம்புக் கம்பியை உருவி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருடம் நான் உட்கார்ந்து லைன் சோதித்த மேஜைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஓடிய கம்பிச் சட்டத்தில் பாதி காலி. இனி எல்லாப் பேச்சும் இணையம் வழியாகத்தான். கம்பியோடு வளர்ந்த லைன்மேன்களுக்குப் புது வார்த்தைகளைச் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஒரு கையேடு போடத் தீர்மானித்து, ‘சார், நீங்கதான் நல்லா எழுதுவீங்க’ என்று என் தலையில் கட்டினார். நானும் எழுதினேன். பொட்டலம் என்பது முதல் வார்த்தை. பேச்சை ஒரே நீளமாக அனுப்பாமல் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் எங்கிருந்து எங்கே என்று முகவரி எழுதி அனுப்புவது, துண்டுகள் வெவ்வேறு வழியில் போகும், முன்னால் கிளம்பியது பின்னால் வரும், சில வராமலே போகும், மறுமுனையில் வந்ததை வரிசைப்படுத்திப் பேச்சாக்கிக்கொள்வார்கள். இப்படி விளக்கம் எழுதி, உதாரணம்: என் மனைவி கடைக்குப் போய்வந்து அங்கே நடந்ததைச் சொல்லும் விதம், என்று போட்டேன். ரௌட்டர்: தன்னிடம் வரும் எதையும் வைத்துக்கொள்ளாமல் அடுத்த ஆளுக்கு உடனே தள்ளிவிடும் கருவி, உதாரணம்: என் மைத்துனர். தாமதம்: ஒருவர் சொல்வதற்கும் அது மற்றவர் காதில் விழுவதற்கும் இடைப்பட்ட நேரம், உதாரணம்: புதன்கிழமை முதல் சனிக்கிழமை வரை. தடுமாற்றம் என்பது பொட்டலங்கள் சீராக வராமல் மூன்று சேர்ந்தாற்போல் வருவதும் பிறகு வெகுநேரம் ஒன்றுமே வராமல் இருப்பதும், அதற்கு எங்கள் அலுவலகப் பேருந்தைச் சொல்லியிருந்தேன். தேக்கம்: வந்ததை உடனே வெளியே விடாமல் கொஞ்சம் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும் இடம், அளவுக்கு மீறினால் வழிந்துவிடும், உதாரணம்: நான்.

மேலாளர் படித்துவிட்டு, ‘சார், விளக்கமெல்லாம் பிரமாதம். ஆனா உங்க குடும்பம் மொத்தமும் உள்ள வந்து உட்கார்ந்திருக்கே. ட்ரெய்னிங்குக்கு வர்றவங்க உங்க மச்சானை எங்க போய்த் தேடுவாங்க?’ என்று சிவப்புப் பேனாவால் எல்லா உதாரணத்தையும் அடித்தார். அடிக்கட்டும். ஆனால் முதல் பாகம் அச்சாகி வந்தபோது அட்டையில் அவர் பெயர் இருந்தது, தொகுத்து எழுதியவர் என்று. என் பெயர் எங்கே என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில், உதவிய ஊழியர்களுக்கு நன்றி, என்று இருந்தது. ஊழியர்களுக்கு என்று பன்மை வேறு. உதவிய அந்த இன்னொருவர் யார் என்று இன்றுவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா, ‘போய்க் கேளுங்களேன்’ என்றாள். கேட்கமாட்டேன். அவருக்கே தெரிய வேண்டும். இரண்டாம் பாகத்தையும் நானேதான் எழுதுகிறேன், வேறு யார் எழுதினாலும் தப்புத்தப்பாக எழுதுவார்கள், அதைப் படித்துவிட்டு என்னால் சோறு தின்ன முடியாது.

அந்த இரண்டாம் பாகத்தில்தான் வந்தது வினை. இந்தத் திங்கட்கிழமை, அதாவது உன் பதினோராவது ஞாயிறு அழைப்புக்கு மறுநாள், பட்டியலில் அடுத்த வார்த்தைக்கு விளக்கம் எழுத நிறுவனம் அனுப்பிய குறிப்பை எடுத்துப் படித்தேன். இணையத் தொலைபேசியில் ஒருவர் பேசாமல் இருந்தால், பெட்டி அதைக் கண்டுகொண்டு பொட்டலம் கட்டுவதையே நிறுத்திவிடுமாம். பேச்சில்லாத நேரத்துக்கு எதற்குப் பாதையை அடைக்க வேண்டும் என்று. அப்போது மறுமுனையில் சுத்தமாக நிசப்தம் ஆகிவிட்டால் கேட்பவர் லைன் கட்டாகிவிட்டதென்று பதறி ஹலோ ஹலோ என்பார் அல்லவா, அதனால் அவர் பக்கத்துப் பெட்டி தானாகவே மெல்லியதாக ஓர் இரைச்சலைத் தயாரித்து அவர் காதில் விட்டுக்கொண்டிருக்குமாம். நான் அதற்கு ‘ஆறுதல் இரைச்சல்’ என்று தமிழ் எழுதினேன், நன்றாக அமைந்துவிட்டதே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் பேனா கையிலிருந்து நழுவியது. பதினோரு ஞாயிறு. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்த மௌனம் ஒன்றுகூட இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

படித்ததை நம்பிவிட முடியுமா, சோதித்துத்தான் பார்க்க வேண்டும், முப்பது வருடமாக என் தொழிலே அதுதான். என்னோடு அதே மேஜையில் பத்து வருடமாக லைன் சோதிக்கிற அம்மையாரைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, புது இணையத் தொலைபேசி ஒன்றை அவரிடம் கொடுத்து, இன்னொன்றை நான் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தேன். சும்மா பேசாமல் இருக்கவில்லை, உன் மாமாவையும் சலூனையும் அட்டையில் இருந்த பெயரையும் ஒன்றாக மனதில் நிறுத்தி, என்னால் எவ்வளவு கோபமாக மௌனமாக இருக்க முடியுமோ அவ்வளவு கோபமாக இருந்தேன். அவர் வந்து, ‘ஒண்ணும் வித்தியாசமா தெரியல சார். யாரோ நமக்குப் பிடிச்சவங்க பக்கத்துல உட்கார்ந்து வேலை பாத்துக்கிட்டிருக்கற மாதிரி இதமா இருந்துச்சு. எனக்குத் தூக்கமே வந்துடுச்சு’ என்றார். பிறகு மிச்சமிருந்த ஒரு பழைய செம்புக் கம்பி லைனில் அதே மௌனத்தை அனுப்பினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து ஓடிவந்து, ‘என்ன சார் இப்படி மூச்சு விடறீங்க, யார் மேல இவ்வளவு கோபம்?’ என்றார். பார், நீ கேட்க வேண்டிய கேள்வியை அந்த அம்மையார் கேட்டுவிட்டார். பழைய லைன் இருந்திருந்தால் முதல் ஞாயிறே முடிந்திருக்க வேண்டிய சண்டை இது.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஐந்தாவது ஞாயிறு நீ பெருமையாகச் சொன்னாய், ‘அவர் வேலை என்ன தெரியுமாப்பா, யாரும் பேசாதப்ப லைன்ல வர்ற சத்தத்த நிஜம் மாதிரியே செய்யறது’ என்று. இதெல்லாம் ஒரு வேலையா என்று அன்றைக்கு நினைத்தேன். ஆக என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்தான் என் மௌனத்தை மறித்துத் தன் சரக்கை உன் காதில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார், போதாக்குறைக்கு ஒன்பதாவது ஞாயிறு அதற்குப் பாராட்டும் அவரே சொல்லிக்கொண்டார். வேலை சுத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் சொல், அப்பாக்களுக்கென்று தனியாகக் கொஞ்சம் உறுமல் கலந்த இரைச்சல் ஒன்றைச் செய்யச் சொல். பெற்ற பெண்களுக்கு அது உதவும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தாள். ‘நீங்க சும்மா பேசாம இருக்கறதுக்கும் கோபமா பேசாம இருக்கறதுக்கும் இருபத்தொன்பது வருஷமா கூடவே இருக்கற எனக்கே வித்தியாசம் தெரியல, அவ்வளவு தூரத்துல இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?’ என்றாள். அதோடு விட்டாளா, நீ அவளிடம் சொன்னதையும் சொன்னாள். ‘அப்பா இப்பல்லாம் எவ்வளவு அழகா கேக்கறார்மா, குறுக்க பேசறதில்ல, புத்தி சொல்றதில்ல, அவர்கிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம்போல இருக்கு’ என்றாயாமே. நான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் தண்டிக்கிறேன் என்று நான் நினைத்திருந்த பதினோரு வாரமும் உனக்கு நான் பிடித்தமான அப்பாவாக இருந்திருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான், அந்தப் பதினோரு ஞாயிறில் நீ சொன்ன அளவுக்கு அதற்கு முன் எப்போதும் சொன்னதில்லை. உன் மேலதிகாரி உன் யோசனையைத் தன் யோசனையாகக் கூட்டத்தில் சொன்னதை நான்காவது ஞாயிறு சொன்னாய், அப்போது அட்டை விஷயத்தைச் சொல்லி, வா மகளே நாம் இருவரும் ஒரே ஜாதி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல், இடது பக்கம், குளிர்ந்த தண்ணீர் பட்டால் குத்துகிறது, ஆறாவது ஞாயிறு. அந்த ஊருக்குப் போன முதல் வருடம் யாருக்கும் தெரியாமல் துணிதுவைக்கும் அறையில் உட்கார்ந்து அழுததை எட்டாவது ஞாயிறு சொன்னாய், இயந்திரம் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று. அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது கோபத்தில் அல்ல. அதை அந்தப் பெட்டியும் உனக்குச் சொல்லியிருக்காது.

இப்போது பதினோராவது ஞாயிறுக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். அன்றைக்கு நீ கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலை இறக்கி, ‘அப்பா, ரிஜிஸ்டர்ல ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும். அவர் பக்கம் அவர் அக்கா. என் பக்கம் நீங்கதான்னு காலியா வச்சிருக்கேன். உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லன்னா இப்பவே ஒரு வார்த்த சொல்லிடுங்க, நான் நிறுத்திடறேன். சொல்லலன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்’ என்றாய். பத்து ஞாயிறாக நான் காத்திருந்த கேள்வி இல்லை அது, அதைவிடப் பெரிய கேள்வி. நான் வாயைத் திறந்தேன். பதினோரு வாரம் பேசாத தொண்டையில் ஒன்றும் வரவில்லை. நீ கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘தேங்க்ஸ்பா’ என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்துவிட்டாய்.

மகளே, நான் தொழில் தெரிந்தவன், தப்பான சோதனை முடிவை அப்படியே விடமாட்டேன். அன்றைக்கு நீ கேட்டது என் சம்மதம் அல்ல. உன் பக்கத்துப் பெட்டி அங்கேயே, அந்த மனிதர் கற்றுக்கொடுத்தபடி, தயாரித்த இரைச்சல். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரே பெண்ணின் அப்பா சார்பில் சம்மதம் சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்தச் சம்மதம் செல்லாது. அதை ரத்து செய்கிறேன். ரத்து செய்துவிட்டு, இப்போது என் கைப்பட எழுதுகிறேன், ஒரு துண்டும் வழியில் தொலையாமல் இருக்கட்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்: எனக்குச் சம்மதம். லைன் நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல். முன்பும் எனக்கு வருத்தம் கல்யாணத்தில் இல்லை, ஐந்தாவது ஆளாக ஆனதில்தான். பேரப்பிள்ளை விஷயத்திலாவது நான் முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும், உன் மாமாவுக்கு முன்னால், சலூனுக்கு வெகு முன்னால்.

பயணத்துக்கு வேண்டிய தாள்களையெல்லாம் உன் அம்மா எப்போதோ வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாளாம், அதுவும் நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது, வழக்கம்போல உன் மாமாவுக்குத் தெரிந்த பிறகு. அடுத்த மாதம் பதினேழாம் தேதி வந்து சேருகிறோம். நான் வரும்வரை அந்தக் குழாயில் கைவைக்காதே, வாஷர் மூன்று அளவிலும் வாங்கிவிட்டேன், குறடும் கொண்டுவருகிறேன். பல்லை மட்டும் எனக்காகக் காத்திராமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டு. உன் யோசனையைத் திருடிய மேலதிகாரியிடம் போய் நேராகக் கேள், நான் கேட்காமல் இருப்பதைப்போல நீயும் இருந்துவிடாதே. நீங்கள் இருவரும் பல்லாண்டு சேர்ந்து வாழ வேண்டும், சண்டை வந்தால் உரக்கப் போட வேண்டும், ஒரே வீட்டில் மௌனமாக மட்டும் இருக்கக்கூடாது, அங்கே இரைச்சல் போட்டுத்தர எந்தப் பெட்டியும் கிடையாது. இதுவே என் ஆசி. ஞாயிறு பத்து மணிக்கு வழக்கம்போலக் கூப்பிடு. நீ பேசு, நான் கேட்கிறேன். நடுவில் ‘ம்’ என்று சற்று உரக்கவே சொல்கிறேன், பெட்டிக்குக் கேட்கும்படி.

நானும் நலம்.

இவ்வளவையும் படித்துப் பார்த்த உன் அம்மா, ‘அடியில கையெழுத்து எங்க?’ என்று பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். போடப்போவதில்லை. என் பெயரில்லாமல் வெளியே போகிற முதல் எழுத்து இது இல்லை, ஆனால் நானாகவே அப்படி அனுப்புவது இதுதான் முதல் தடவை. கையெழுத்துக்கு நீ ஓர் இடம் காலியாக வைத்திருக்கிறாய். அதை நேரில் வந்து போடுகிறேன். இது இப்படியே தபாலில் போகட்டும்.